மூன்று சர்வரில் டாக்கர் ஸ்வார்ம்: பெங்களூரில் முதல்முறை கிளஸ்டர் கட்டுபவர்களுக்கு

டாக்கர் என்பது ஆப்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள். பல சர்வர்களை ஒரு கூட்டமாக, அதாவது கிளஸ்டராக, இணைத்து அந்தப் பெட்டிகளைப் பகிர்ந்து ஓட்டும் அதன் வசதிதான் ஸ்வார்ம். டாக்கர் ஸ்வார்ம் கிளஸ்டரை எழுப்பும் கட்டளைகள் மூன்றோ நான்கோதான். எதிரில் வைத்த டீ ஆறுவதற்குள் அடித்து முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கட்டளைகளை அடிக்கும் இடத்துக்கு வருவதற்குள் கார்டு மறுக்கும், கோட்டா இடிக்கும், ஃபயர்வால் பாதி திறந்து பாதி மூடிக் கிடக்கும். எங்கள் அலுவலகத்தில் நாள்கணக்கில் நேரம் போனதெல்லாம் இந்த முன்வேலையில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் ஸ்வார்ம் எட்டாம் படியில்தான் வரும். அவசரப்பட்டு அங்கே தாவாதீர்கள்.

இது யாருக்கு? எச்எஸ்ஆர் லேஅவுட்டிலோ கோரமங்களாவிலோ சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறீர்கள். ஒரே சர்வரில் டாக்கர் கம்போஸ் (பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதி ஓட்டும் கருவி) போட்டு எல்லாமே ஓடிக்கொண்டிருக்கிறது. "இந்த மெஷின் போயிடுச்சுன்னா என்ன பண்றது?" என்று யாரோ மீட்டிங்கில் கேட்டுவிட்டார்கள், வேலை உங்கள் தலையில் விழுந்துவிட்டது. உங்களுக்காகத்தான்.

அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜியனை (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி) வைத்தே சொல்கிறேன், அந்த கிளவுடுக்கு பெங்களூரில் தனி ரீஜியன் கிடையாது. ஹைதராபாத் கிட்டே இருக்கிறது, ஆனால் எல்லாச் சேவைகளும் மும்பை அளவுக்கு அங்கே இல்லை. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். டாக்கர் கட்டளைக்குப் பின்னால் --ஹெல்ப், ஏடபிள்யூஎஸ் கட்டளைக்குப் பின்னால் வெறும் ஹெல்ப் சேர்த்தால் ஃபிளாக்குகளின் சரியான எழுத்துக்கூட்டு வந்துவிடும்.

1. ஸ்வார்மா, குபெர்னெட்டிஸா?

உங்களிடம் பத்துப் பதினைந்து சர்வீஸ், மூன்று மெஷின், பார்த்துக்கொள்ள ஒன்றரை ஆள் என்றால் ஸ்வார்ம் போதும். டாக்கருக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம், கம்போஸ் கோப்பு கிட்டத்தட்ட அப்படியே ஓடும். இதே வேலையைப் பெரிய அளவில் செய்யும் குபெர்னெட்டிஸை ஏடபிள்யூஎஸ்ஸின் இகேஎஸ் என்ற சேவை வழியாக எடுத்தால் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மட்டுமே மணிக்கு 10 சென்ட், அதாவது மாதம் 73 டாலர்; மெஷின் செலவு அதற்கு மேல். ரெஸ்யூமேயில் போட வேண்டும் என்பதற்காகக் குபெர்னெட்டிஸ் எடுப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. தேடினால் டாக்கர் மெஷின் என்ற கருவியை வைத்துக் கிளஸ்டர் கட்டும் பழைய பாடங்கள் நிறைய வரும். அது கைவிடப்பட்ட கருவி. "ஸ்வார்ம்" என்ற இமேஜையே (கன்டெய்னர் எழும்பும் அச்சு) கன்டெய்னராக ஓட்டச் சொல்லும் பாடங்கள் அதைவிடப் பழையவை. இரண்டையும் பார்த்தவுடன் மூடிவிடுங்கள்.

2. கணக்கு யார் பெயரில், எந்த கார்டில்

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கம்பெனி பான், ஜிஎஸ்டி எண், அந்த எண்ணில் பதிவான முகவரி, ஒரு கார்டு, ஓடிபி வரும் போன்.

போன் விஷயத்தில்தான் பலர் மாட்டுகிறார்கள். ரூட் கணக்கின் (எல்லா அதிகாரமும் உள்ள முதல் கணக்கு) ஈமெயிலும் போனும் ஒரு தனி ஆளுடையதாக இருக்கக் கூடாது. அவர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போனபின் எம்எஃப்ஏ (பாஸ்வேர்டுக்கு மேல் இரண்டாம் பூட்டு) கோடுக்காக அவருக்கு போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்கும். பொது ஈமெயில் ஒன்று உருவாக்குங்கள். அலுவலக சிம்மைக் கொடுங்கள். ரூட்டுக்கு எம்எஃப்ஏ போட்டுப் பூட்டிவிட்டு, அன்றாட வேலைக்குத் தனி யூசர் வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டுக்கு ஆக்சஸ் கீ உருவாக்கவே வேண்டாம்.

ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. கர்நாடகாவுக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. கோயம்புத்தூரில் பதிவு செய்த கம்பெனிக்கு பெங்களூரில் டீம் இருப்பது சகஜம். அப்போது 33-இல் தொடங்கும் எண்ணுக்குப் பக்கத்தில் பெல்லந்தூர் முகவரியைப் போட்டுவிடாதீர்கள். எண் எந்த மாநிலமோ முகவரியும் அந்த மாநிலத்தில் பதிவானதாக இருக்கட்டும். முதல் பில் வருவதற்கு முன்பே டாக்ஸ் செட்டிங்ஸில் இதை ஏற்றிவிட வேண்டும். எண் இல்லாமல் வந்த இன்வாய்ஸை வைத்து 18 சதவீத வரியைத் திரும்ப எடுக்கப் போனால் உங்கள் ஆடிட்டர் உங்களைத்தான் கேட்பார்.

அடுத்தது கார்டு. ரிசர்வ் வங்கி விதிப்படி மாதாமாதம் தானாகப் பிடிக்கும் கார்டு கட்டணம் 15,000 ரூபாய் வரைதான் ஓடிபி இல்லாமல் போகும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஆள் உட்கார்ந்து ஒப்புதல் தர வேண்டும். இந்தத் தொகையை நினைவில் வையுங்கள், நான்காம் படியில் மறுபடி வரும். எங்கள் முதல் பில்லுக்கு ஒரு வங்கியின் டெபிட் கார்டு மேண்டேட்டையே (தானாகப் பிடிப்பதற்கான ஒப்புதல்) ஏற்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. கையில் இரண்டாவது கார்டு இருக்கட்டும்.

கணக்கு திறந்தவுடனே எல்லாம் வேலை செய்யும் என்று நம்ப வேண்டாம். பெரும்பாலும் சில நிமிடம், சில சமயம் ஒரு நாள்வரை ஆகும். அதனால் வேலையைத் திங்கட்கிழமை காலையில் தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கினால், மடிவாளாவில் சேலம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு மொபைலில் சப்போர்ட் டிக்கெட் எழுதுவீர்கள்.

3. கோட்டா கேட்டு வையுங்கள்

இதைத் தெரியாமல்தான் பாதிப் பேர் பாதியில் நிற்கிறார்கள். புதுக் கணக்கில் எத்தனை விசிபியு (மெஷினுக்குக் கிடைக்கும் சிபியு அலகு) ஓட்டலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. சாதாரண வகை மெஷின்களுக்கு அது பல கணக்குகளில் 5. நீங்கள் எடுக்கப்போகும் டி3.மீடியம் ஒன்றுக்கு 2 விசிபியு. மூன்று மெஷினுக்கு 6. முதல் இரண்டும் சமர்த்தாக எழும்பும், மூன்றாவதற்கு "விசிபியு லிமிட் எக்ஸீடட்" என்று பிழை வரும்.

சின்ன மெஷின் எடுத்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். நடக்காது. டி3 வகையில் நானோவிலிருந்து லார்ஜ் வரை எல்லாவற்றுக்கும் விசிபியு 2தான், மெமரிதான் மாறும். சர்வீஸ் கோட்டாஸ் பக்கத்தில் "ரன்னிங் ஆன்-டிமாண்ட் ஸ்டாண்டர்ட்" என்று தொடங்கும் வரியைத் தேடி 16 கேளுங்கள். ரீஜியன் மும்பை என்று மேலே மூலையில் பார்த்துவிட்டுக் கேளுங்கள், ஏனென்றால் கோட்டா ரீஜியன்வாரியானது. சில மணி நேரத்திலும் வரலாம், ஓரிரண்டு நாளும் ஆகலாம். கேட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. மாதச் செலவைக் காகிதத்தில் போடுங்கள்

விலை மாறும், அதனால் நீங்களும் கால்குலேட்டர் பக்கத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நான் போட்ட கணக்கு இது. டி3.மீடியம் மும்பையில் மணிக்கு ஏறக்குறைய 4.5 சென்ட். மாதத்துக்கு 730 மணி, மூன்று மெஷின்: 98 டாலர். ஒவ்வொன்றுக்கும் 30 ஜிபி டிஸ்க், ஜிபிக்கு 9 சென்ட் அளவில்: 8 டாலர். பொது ஐபி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் (2024 பிப்ரவரியிலிருந்து இதற்கும் காசு): மூன்றுக்கும் 11 டாலர். கூட்டினால் 117. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 138. டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் 12,400 ரூபாய். 15,000-க்குள் அடங்குகிறது, கார்டு தானாகப் போகும்.

இப்போது யாராவது சீனியர் வந்து, "சர்வரையெல்லாம் பிரைவேட் சப்நெட்ல வைப்பா, நாட் கேட்வே போட்டுக்க" என்பார். அதாவது சர்வர்களை இணையத்துக்கு நேரே காட்டாமல், வெளியே போவதை மட்டும் ஒரு வாசல் வழியாக விடுவது. பாதுகாப்புக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் நாட் கேட்வே ஒன்றே மாதம் 40 டாலரைத் தாண்டும், அதன் வழியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் காசு. சர்வர்களின் பொது ஐபிகளை விட்டுவிட்டாலும் மொத்தம் 16,000 ரூபாய்க்கு வந்து நிற்கும். கார்டு வரம்பைத் தாண்டியாயிற்று; மாதாமாதம் பில் தேதியில் யாராவது ஓடிபியோடு உட்கார வேண்டும். தொடக்கத்தில் பொது சப்நெட்டிலேயே வைத்து ஃபயர்வாலை இறுக்குவது என் சிபாரிசு.

இன்னும் இரண்டு. டி3 வகை மெஷின்கள் இயல்பில் "அன்லிமிடெட்" முறையில் எழும்பும்: அனுமதித்த அளவுக்கு மேல் சிபியுவைத் தொடர்ந்து இழுத்தால் நிற்காது, ஆனால் காசு ஏறும். ஆகவே இந்த மெஷின்களில் இமேஜ் பில்ட் செய்யாதீர்கள். பட்ஜெட் அலர்ட்டும் இன்றே போட்டுவிடுங்கள். அது மெயில்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது.

5. நெட்வொர்க்கும் ஃபயர்வாலும்

நிதானமாகப் படியுங்கள். ஸ்வார்ம் தொல்லைகளில் முக்கால்வாசி இங்கேதான் விதைக்கப்படுகிறது.

முதலில் முகவரி வரம்பு. ஸ்வார்ம் தன் உள்நெட்வொர்க்குகளுக்கு இயல்பாக 10.0.0.0-இல் தொடங்கும் பெரிய தொகுப்பிலிருந்து துண்டு துண்டாக எடுத்துக்கொள்ளும். முதல் துண்டு 10.0.0.0/24. இணையத்துப் பாடங்கள் எல்லாம் விபிசி (கிளவுடுக்குள் உங்கள் தனி நெட்வொர்க்) உருவாக்கும்போது 10.0.0.0/16 என்றே சொல்லும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடையாளம் விசித்திரமாக இருக்கும்: சர்வரிலிருந்து டேட்டாபேஸுக்குப் போகும், அதே சர்வரில் உள்ள கன்டெய்னருக்குள் நுழைந்து முயன்றால் போகாது. கணக்கோடு வரும் டீஃபால்ட் விபிசி 172.31.0.0/16, அதில் இந்த மோதல் இல்லை. அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வார்முக்கும் எட்டாம் படியில் தனி வரம்பு கொடுத்துவிடுவோம். பின்னாளில் அலுவலக விபிஎன்னோ இன்னொரு விபிசியோ இணைக்கும்போது கழுத்தைப் பிடிக்காது.

அடுத்து செக்யூரிட்டி குரூப், அதாவது ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபயர்வால் விதித் தொகுப்பு. மூன்று சர்வருக்கும் ஒரே குரூப். அதற்குள் திறக்க வேண்டிய போர்ட்டுகள் (டிசிபியும் யுடிபியும் வேறு வேறு நெறிமுறைகள், தனித்தனி விதி வேண்டும்):

2377 டிசிபி, கிளஸ்டர் நிர்வாகத்துக்கு
7946 டிசிபி, 7946 யுடிபி இரண்டும், நோடுகள் (கிளஸ்டரில் உள்ள சர்வர்கள்) ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ள
4789 யுடிபி, கன்டெய்னர்களுக்கு இடையே ஓடும் தரவுக்கு

இந்த நான்கு விதிக்கும் சோர்ஸ் என்ற இடத்தில் அதே செக்யூரிட்டி குரூப்பின் ஐடியைக் கொடுங்கள். 0.0.0.0/0 கொடுத்துவிடாதீர்கள். 4789-க்கு வருகிற பாக்கெட் யாரிடமிருந்து என்று சரிபார்க்கும் வழக்கமே அந்த நெறிமுறைக்குக் கிடையாது. உலகத்துக்குத் திறந்திருக்க வேண்டியது வெப் போர்ட்டுகளான 80-உம் 443-உம் மட்டும்.

யுடிபியை மறப்பது இந்தத் துறையின் தேசிய வழக்கம். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் போன் செய்தான். "அண்ணா, நோட் மூணும் ரெடின்னு காட்டுது. ஆனா பேஜ் ஒரு தடவை டக்குனு வருது, அடுத்த தடவை சுத்திக்கிட்டே இருக்குது." "4789 யுடிபியா டிசிபியா போட்ட?" சிறிது நேரம் மௌனம். "டிசிபிண்ணா." இந்தப் பிழையின் முகமே அதுதான். நோட் லிஸ்டில் எல்லாம் பச்சையாக இருக்கும், ஏனென்றால் நிர்வாகம் டிசிபியில் ஓடுகிறது. கோரிக்கை அதே மெஷினில் உள்ள கன்டெய்னருக்குப் போனால் பதில் வரும். பக்கத்து மெஷினுக்குப் போனால் தொங்கும். ரிஃப்ரெஷ் அடிக்க அடிக்க மாறி மாறி வந்தால் வேறெங்கும் தேடாதீர்கள்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சுக்கு 22-ஐத் திறந்து "மை ஐபி" என்று கொடுப்பது வழக்கம். பெங்களூரில் இது இரண்டு நாள் தாங்கும். பெஸ்காம் கரண்ட் எடுத்தால் வீட்டு ரூட்டர் அணைந்து எழும்பும், புது ஐபி வரும், கதவு மூடிக்கொள்ளும். பிஜியில் ஒரே வைஃபையை எல்லோரும் பகிர்ந்துகொண்டால் அந்த மை ஐபி உங்களுடையது மட்டுமல்ல என்பதையும் நினைத்துப் பாருங்கள். 22-ஐத் திறக்காமலே ஏடபிள்யூஎஸ்ஸின் செஷன் மேனேஜர் வழியாக நுழையலாம். இசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் வாடகை சர்வர் சேவை) மெஷின்களுக்கு அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மெஷினுக்கு ஒரு ஐஏஎம் ரோல் (அதற்குக் கொடுக்கும் அனுமதி), அதில் "எஸ்எஸ்எம் மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் கோர்" என்று முடியும் பாலிசி, உங்கள் லேப்டாப்பில் அதன் பிளக்இன். இவ்வளவுதான் தேவை. உபுண்டு இமேஜில் ஏஜென்ட் ஏற்கெனவே இருக்கிறது.

உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ போட்டு சர்வருக்குள்ளேயே பூட்டுகிறேன் என்பவர்களுக்கு: டாக்கர் வெளியிடும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிப் போய்விடும். அங்கே டினை என்று எழுதியிருந்தாலும் போர்ட் திறந்தேதான் இருக்கும். செக்யூரிட்டி குரூப்பை நம்புங்கள்.

6. மெஷின்களை எழுப்புதல்

ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர் கட்டளையில் ரீஜியனாக ஏபி-சவுத்-1 கொடுங்கள். வேறு ஏதாவது பாடத்திலிருந்து யுஎஸ்-ஈஸ்ட்-1 ஒட்டிக்கொண்டு வந்தால் மெஷின்கள் வர்ஜீனியாவில் எழும்பும். மும்பைப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் காலியாக இருக்கும். ஒன்றும் ஆகவில்லை என்று மறுபடி அடிப்பீர்கள். மீட்டர் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.

ரன்-இன்ஸ்டன்சஸ் கட்டளையை மூன்று முறை அடியுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு சப்நெட்: 1ஏ, 1பி, 1சி என்று மும்பையின் மூன்று மண்டலங்களிலும் ஒவ்வொன்று. ஒரு மண்டலம் படுத்தாலும் மற்ற இரண்டு நிற்கும். மண்டலம் விட்டு மண்டலம் போகும் தரவுக்கு ஜிபிக்கு ஒரு சென்ட், இரு திசையிலும் உண்டு; சின்ன கிளஸ்டரில் கண்ணுக்கே தெரியாது.

அதே கட்டளையின் மெட்டாடேட்டா ஆப்ஷனில் ஹாப் லிமிட்டை 2 ஆக்குங்கள். 1-ஆக இருந்தால் மெஷினுக்குக் கொடுத்த ரோல் மெஷினுக்கு மட்டும் கிடைக்கும், கன்டெய்னருக்குள் இருக்கும் ஆப்புக்குக் கிடைக்காது. கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-க்கு எழுத முயன்றால் கிரெடென்ஷியல் இல்லை என்று அழும். மெஷின்கள் எழும்பியதும் முதல் வேலையாக ஒவ்வொன்றுக்கும் தனி ஹோஸ்ட்நேம் வையுங்கள். பிறகு மாற்றலாம் என்று விட்டால் நோட் லிஸ்டில் எது எது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

7. டாக்கர் நிறுவுதல்

டாக்கரின் சொந்த ஆப்ட் ரெபாசிட்டரியிலிருந்து மட்டும் நிறுவுங்கள். ஸ்னாப் வேண்டாம். மூன்றிலும் ஒரே பதிப்பு. நிறுவியபின் ஆப்ட்-மார்க் ஹோல்ட் போட்டுவிட்டால் நடுராத்திரியில் தானாக அப்டேட் ஆகி சர்வீஸ்கள் ஒருசேர ரீஸ்டார்ட் ஆகாது.

ஸ்வார்ம் தொடங்குமுன் டீமன்.ஜேசன் என்ற டாக்கரின் அமைப்புக் கோப்பில் லாக் வரம்பு எழுதுங்கள்: மேக்ஸ்-சைஸ் 10எம், மேக்ஸ்-ஃபைல் 3. இயல்பான ஜேசன்-ஃபைல் டிரைவர் லாக்கை வெட்டவே வெட்டாது. 30 ஜிபி டிஸ்க் ஒருநாள் நிரம்பும், அப்போது டாக்கர் மட்டுமல்ல, எதுவுமே எழுத முடியாது. ஏற்கெனவே ஓடும் கன்டெய்னர்களுக்கு இந்த மாற்றம் போய்ச் சேராது, அதனால்தான் இப்போதே.

8. ஸ்வார்ம்

முதல் மெஷினில்:

டாக்கர் ஸ்வார்ம் இனிட் --அட்வர்டைஸ்-அடர் 172.31.5.10 --டீஃபால்ட்-அடர்-பூல் 10.200.0.0/16

முதல் எண் அந்த மெஷினின் உள் ஐபி, உங்களுடையதைப் போடுங்கள். பொது ஐபியைப் போடாதீர்கள். மெஷினை நிறுத்தி எழுப்பினால் பொது ஐபி மாறிவிடும், உள் ஐபி மாறாது. தவிர, செக்யூரிட்டி குரூப்பை சோர்ஸாகக் கொடுத்த விதிகள் பொது ஐபி வழியாக வரும் போக்குவரத்துக்கு ஒத்துவராது. இரண்டாவது எண் ஐந்தாம் படியில் சொன்ன தனி வரம்பு. இதை இனிட் நேரத்தில் விட்டுவிட்டால் பிறகு கிளஸ்டரைக் கலைத்துத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து அதே மெஷினில் டாக்கர் ஸ்வார்ம் ஜாயின்-டோக்கன் மேனேஜர் என்று அடித்தால் ஒரு நீளக் கட்டளை வரும். அதை அப்படியே மற்ற இரண்டிலும் ஒட்டுங்கள். ஒர்க்கர் டோக்கன் அல்ல, மேனேஜர் டோக்கன். மேனேஜர் கிளஸ்டரை நிர்வகிக்கும் நோட், ஒர்க்கர் கன்டெய்னர்களை மட்டும் ஓட்டும் நோட். மூன்றுமே மேனேஜராக இருக்க வேண்டும். சின்ன கிளஸ்டரில் மேனேஜரே வேலையும் செய்யலாம்.

மேனேஜர்கள் பெரும்பான்மையில் முடிவெடுப்பார்கள். மூன்றில் ஒன்று போனால் தாங்கும். இரண்டு மேனேஜர் வைத்தால் ஒன்று போனாலே பெரும்பான்மை போய்விடும், ஆகவே இரண்டு என்பது ஒன்றைவிட மோசம். பெரும்பான்மை போனால் ஓடுகிற கன்டெய்னர்கள் ஓடும், ஆனால் புதிதாக எதையும் ஏற்றவோ மாற்றவோ முடியாது. மிஞ்சிய ஒன்றில் இனிட் கட்டளையை --ஃபோர்ஸ்-நியூ-கிளஸ்டர் சேர்த்து அடித்து மீட்கலாம். இந்த ஃபிளாக்கின் பெயரை எங்காவது எழுதி ஒட்டி வையுங்கள்.

அந்த டோக்கன் பாஸ்வேர்டு மாதிரி. டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தால் ஜாயின்-டோக்கனோடு --ரொடேட் சேர்த்து அடித்து மாற்றிவிடுங்கள், ஏற்கெனவே சேர்ந்த நோடுகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆட்டோலாக் என்று ஒரு வசதி உண்டு. மேனேஜர் ரீஸ்டார்ட் ஆனால் சாவி கேட்கும். செலவைக் குறைக்க இரவில் மெஷின்களை நிறுத்துபவர்கள் இதை எடுத்தால் தினமும் காலையில் மூன்று முறை சாவி போட வேண்டியிருக்கும்.

9. முதல் ஸ்டாக்கை ஏற்றுதல்

ஸ்டாக் என்பது சேர்ந்து ஓடும் சர்வீஸ்களின் தொகுப்பு. டாக்கர் ஸ்டாக் டிப்ளாய் கட்டளைக்கு உங்கள் கம்போஸ் கோப்பையே கொடுக்கலாம். ஆனால் அதில் உள்ள பில்ட், கன்டெய்னர் நேம் வரிகளை ஸ்வார்ம் கண்டுகொள்ளாது, டிபெண்ட்ஸ்-ஆனும் அப்படியே. டேட்டாபேஸ் எழும்பும்வரை ஆப்பே காத்திருந்து மறுபடி முயல வேண்டும். இமேஜ் கட்டாயம் ஒரு ரிஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமிக்கும் கிடங்கு) இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு நோடும் தனித்தனியாக இழுத்துக்கொள்ளும்.

பிரைவேட் ரிஜிஸ்ட்ரி என்றால் --வித்-ரிஜிஸ்ட்ரி-ஆத் சேர்க்க வேண்டும். அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸின் ரிஜிஸ்ட்ரியான இசிஆர் கொடுக்கும் லாகின் 12 மணி நேரம்தான் செல்லும். மாலை ஐந்து மணிக்கு டிப்ளாய் செய்தால் எல்லாம் ஓடும். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஒரு நோட் விழுந்தால், அதன் சர்வீஸ் வேறு நோடுக்குப் போய் இமேஜை இழுக்கும்போது லாகின் காலாவதியாகியிருக்கும். கிளஸ்டர் கட்டிய காரணமே அந்த நேரத்தில் பொய்த்துப்போகும். டிப்ளாய் ஸ்கிரிப்டிலேயே மூன்று நோடிலும் இமேஜை முன்கூட்டி இழுத்து வைத்துவிடுங்கள். டாக்கர் ஹப்பைப் பயன்படுத்துபவர்களும் இலவச இழுப்புகளுக்கு வரம்பு உண்டு, லாகின் இல்லாவிட்டால் ஐபிவாரியாக எண்ணுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய பள்ளம் வால்யூம், அதாவது கன்டெய்னர் தன் டேட்டாவை வைக்கும் இடம். ஸ்வார்ம் கன்டெய்னரை இடம் மாற்றும், அதன் டேட்டாவை மாற்றாது. மைஎஸ்க்யூஎல் கன்டெய்னர் முதல் நோடிலிருந்து மூன்றாம் நோடுக்குப் போனால் அங்கே அதே பெயரில் காலி வால்யூம் ஒன்று உருவாகும். ஆப் ஓடும், லாகின் பக்கம் வரும், யூசர் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். டேட்டா அழியவில்லை, பழைய நோடில் கிடக்கிறது. ஆனால் அது தெரிவதற்குள் உங்களுக்கு வியர்த்துக் கொட்டிவிடும். டேட்டாபேஸைக் கிளஸ்டருக்கு வெளியே ஆர்டிஎஸ்ஸில் (ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவை) வையுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் நோடுக்கு ஒரு லேபிள் போட்டு, டேட்டாபேஸ் சர்வீஸை அந்த லேபிளுக்குக் கட்டிப்போடுங்கள். அந்த நோட் விழுந்தால் டேட்டாபேஸும் விழும் என்பதை உங்கள் டீம் மேனேஜரிடம் முன்கூட்டியே மெயிலில் சொல்லிவிடுங்கள். வாய்மொழி போதாது.

10. லாக் எங்கே போகிறது

இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் தங்கள் சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பாதுகாப்புச் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நாமோ ஏழாம் படியில் 10 எம்பி தாண்டினால் வெட்டச் சொல்லிவிட்டோம். ஆகவே லாக்குகளை வெளியே அனுப்பி வைக்க வேண்டும்: ஏடபிள்யூஎஸ்ஸின் லாக் சேவையான கிளவுட்வாட்சுக்கோ எஸ்3-க்கோ, மும்பை ரீஜியனிலேயே.

அனுப்புவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். வெப் சர்வரான எஞ்சின்எக்ஸின் லாக்கில் வந்தவரின் ஐபிக்குப் பதிலாக 10.200-இல் தொடங்கும் எண்ணே எல்லா வரியிலும் இருக்கும். எந்த நோடுக்கு வந்த கோரிக்கையையும் சரியான கன்டெய்னருக்குக் கடத்தும் ஸ்வார்மின் ரௌட்டிங் மெஷ் வழியாக வரும்போது உண்மையான ஐபி மறைந்துவிடுகிறது. 180 நாள் இதைச் சேர்த்து வைத்து ஒரு பயனும் இல்லை. எஞ்சின்எக்ஸை குளோபல் முறையில் எல்லா நோடிலும் ஓட்டி, அதன் போர்ட்டை மோட் ஹோஸ்ட் என்று வெளியிட்டால் சரியாகும்.

11. வேண்டுமென்றே தள்ளிவிட்டுப் பாருங்கள்

டாக்கர் நோட் அப்டேட் --அவெய்லபிலிட்டி டிரெய்ன் என்று நோட் பெயரோடு அடித்தால் அதன் வேலைகள் மற்றவற்றுக்கு நகரும். இது மென்மையான சோதனை. உண்மையான சோதனை, ஒரு மெஷினையே இசி2 பக்கத்தில் ஸ்டாப் செய்வது. காலை பதினொரு மணிக்கு, எல்லோரும் இருக்கையில் இருக்கும்போது செய்யுங்கள். சற்று நேரத்தில் அந்த நோட் "டவுன்" என்று மாறி, அதன் கன்டெய்னர்கள் வேறிடத்தில் எழும்ப வேண்டும். மிஞ்சிய இரண்டு மெஷினின் மெமரி அந்தச் சுமையைத் தாங்குகிறதா என்பதையும் அப்போதுதான் பார்க்க முடியும். மூன்றும் எண்பது சதவீதம் நிறைந்திருந்தால் ஒன்று விழுந்ததும் மற்றவையும் மூச்சுத் திணறும்.

மெஷினை மறுபடி எழுப்பினால் அது சும்மா உட்கார்ந்திருக்கும். பழுதென்று நினைக்காதீர்கள், நோட் திரும்பி வந்தாலும் ஓடும் கன்டெய்னர்களை ஸ்வார்ம் தானாகப் பிரித்து வைக்காது. சர்வீஸ் அப்டேட் கட்டளைக்கு --ஃபோர்ஸ் சேர்த்து ஒவ்வொன்றாக அடித்தால் பரவிக்கொள்ளும்.

12. பழகத்தான் கட்டினேன், கலைக்க வேண்டும் என்றால்

மெஷினை டெர்மினேட் செய்தால் எல்லாம் போய்விட்டது என்று இருக்க வேண்டாம். தனியாகச் சேர்த்த டிஸ்க்குகள், ஸ்னாப்ஷாட்கள், எங்கும் மாட்டாத எலாஸ்டிக் ஐபி (நிலையான பொது ஐபி), நாட் கேட்வே, லோட் பேலன்சர் இவையெல்லாம் தனித்தனியாக அழிக்க வேண்டியவை. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குப் பில் ஏற்றிக்கொண்டிருக்கும். அழித்துவிட்டு இரண்டு நாள் கழித்து பில்லிங் பக்கத்தை ரீஜியன்வாரியாகத் திறந்து பாருங்கள், கணக்கு ஏறுவதற்குச் சில மணி நேரம் பின்தங்கும். மும்பை தவிர வேறு எந்த ரீஜியனிலாவது ஒரு சென்ட் தெரிந்தால் ஆறாம் படிக்குப் போய் வர்ஜீனியாவில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

கிளவுட் பில் இல்லாமல் பழகத்தான் வேண்டுமென்றால் எஸ்பி ரோட்டில் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் மூன்றும் ஒரு ஸ்விட்சும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஏழாம் படியிலிருந்து அப்படியே செல்லும். கடையில் ஜிஎஸ்டி பில்லும், ரேம் எவ்வளவு என்று அதில் எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து திறந்தபின் பேசிப் பயனில்லை.